விற்கப்போகிற வண்டிக்கு நாலு டயர்

“விக்கப்போற வண்டிக்கு யாராவது புது டயர் போடுவாங்களா, வெர்லின்?”

ஆர்டித் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். வாசலில் அவர்களுடைய பழைய டிரெய்லர் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேஜை எல்லாம் உண்டு. கோடை வந்தால் அதை லாரியின் பின்னால் மாட்டி, கான்ஸாஸிலிருந்து கொலராடோ மலைக்கு இழுத்துப் போவார்கள். இப்போது வெர்லினின் கண்ணும் முழங்காலும் மலைப்பாதைக்கு ஒத்துழைப்பதில்லை. ஷானா என்ற பெண் விலை பேசிவிட்டாள். நாளைக் காலை வந்து கொண்டுபோய்விடுவாள்.

“டயர் பழசு, ஆர்டி.”

“மொட்டையாவா ஆயிடுச்சு? வரி அப்படியே புதுசாட்டம் இருக்கே!”

“ஓடித் தேயல. நின்னே கெழண்டு போச்சு. பக்கத்துல விட்டிருக்கிற வெடிப்பைப் பாரு.”

“நாமளும்தான் நின்னே கெழண்டு போயிட்டோம். நமக்கு யாரு புதுசு மாட்டுறா?”

அவர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? காலம் முழுக்கக் கடையில் இருப்பதிலேயே மட்டமான டயராகப் பொறுக்கி எடுத்த மனுஷன்.

“நம்ம பிள்ளைங்களோட போனப்ப ஓட்டை டயர். எவளோ ஒருத்திக்கு ஒசத்தி டயரா?”

வெர்லின் குனிந்து டயர் வெடிப்பை விரலால் தடவினார். “கொலராடோ போறப்ப என்னென்ன ஏத்துவியோ, அத்தனையும் ஏத்து. தண்ணித் தொட்டியை நான் ரொப்புறேன்” என்றார்.

“கேலி பண்றியா?”

“எடை போடணும். வெறும் வண்டி எடைக்கு டயர் வாங்கித்தான் அப்பல்லாம் நடுரோட்டுல நின்னோம்.”

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினாள். இரும்பு வாணலி, காபிப் பாத்திரம், தட்டுகள், ஒட்டுத்துணிப் போர்வைகள். எது எந்த அலமாரியில் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போனது.

இந்தப் பச்சைப் போர்வை! லைமன் ஊரைத் தாண்டி டயர் வெடித்து, ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்ட அன்று, மூன்று பிள்ளைகளும் இதற்குள்தான் சுருண்டிருந்தார்கள். வெர்லின் தொப்பலாக நனைந்தபடி டயர் மாற்றினார். உள்ளே இவர்கள் பீச் பழ ஜாடியைத் திறந்து விரலாலேயே எடுத்துத் தின்றார்கள். ‘அடுத்த வருஷமும் டயர் வெடிக்கணும்மா’ என்றான் கடைக்குட்டி கர்ட்டிஸ். என்ன நாட்கள் அவை! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முணுமுணுப்பு எப்போதோ நின்றிருந்தது. கேட்காமலேயே கட்டிலுக்குச் சலவை விரிப்பு போட்டாள். இரண்டு ஜாடி பீச் பழமும் எடுத்து வைத்தாள். ஒருவேளை இந்த மனுஷன் விற்கிற எண்ணத்தையே விட்டுவிட்டாரோ?

கோதுமைக் கிடங்கின் எடை மேடையில் வண்டியை ஏற்றியதும், அங்கிருந்த ஆள் எட்டிப் பார்த்தான்.

“என்ன ஆர்டித், வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

“பின்ன? கொலராடோன்னா சும்மாவா?” என்றாள், பெருமையாக.

அங்கிருந்து டயர் கடைக்குப் போனார்கள். கடைக்கார டுவேன் எடையைக் கேட்டுவிட்டு ஒரு டயரைத் தட்டிக் காட்டினான். “இது தாங்கும்.”

“இதைவிட ஒரு படி ஒசத்தியாப் போடு” என்றார் வெர்லின்.

“லீவுக்குப் போயிட்டு வர இதுவே ஜாஸ்தி.”

“மேல ஒண்ணு போடுப்பா.”

நாலு டயரும் மாட்டித் திரும்பும்போது ஆர்டித்தால் பொறுக்க முடியவில்லை.

“கடைசியா ஒரு தடவை போயிட்டு வந்து விக்கலாம்னுதானே? என்கிட்ட சொன்னா கொறஞ்சா போயிடுவ, கிழவா?”

வெர்லின் சாலையையே பார்த்தார். “இல்ல ஆர்டி. வண்டி நாளைக்குப் போகுது.”

சலவை விரிப்பு போட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அப்ப அவளுக்காகவா இத்தனை கூத்தும்?”

“அந்தப் பொண்ணு வண்டி பார்க்க வந்தாளே, எந்த ஏரி நல்லாருக்கும், எங்க மீன் கிடைக்கும்னு ஒரு வார்த்தை கேக்கல. ஜனவரியில தண்ணிக் குழாய் உறையுமான்னு கேட்டா.”

ஜனவரிக் குளிரில் டிரெய்லரை எடுத்துக்கொண்டு யார் ஊர் சுற்றப் போகிறார்கள்? ஆர்டித் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அதுலதான் குடியிருக்கப்போறா. புருஷனைப் பத்திக் கேட்டேன், பேச்சை மாத்திட்டா. குடும்பச் சாமான் மொத்தமும் அதுலதான் ஏறும். நமக்கு வெடிச்சப்ப மாத்த நான் இருந்தேன். அவளுக்கு யாரு இருக்கா?”

வீடு வரும் வரை ஆர்டித் கண்ணாடியில் பின்னால் வரும் டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கோபம் தணியட்டும் என்று வெர்லின் விட்டுவிட்டார்.

வாசலில் நிறுத்தியதும், அவள் மனசு நோகக்கூடாது என்று தானே டிரெய்லருக்குள் ஏறி, வாணலியும் போர்வையுமாக இறங்கினார்.

“எங்க தூக்கிட்டுப் போற?”

“வீட்டுக்குள்ளதான். வண்டியை மட்டும்தானே வித்தோம்? எல்லாத்தையும் எறக்கிடறேன்.”

ஆர்டித் இரண்டையும் அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். உள்ளே போய் அதது இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தினாள்.

“புத்தி இருக்கா உனக்கு? இதையெல்லாம் சேர்த்து எடை போட்டுத்தானே டயர் வாங்கினோம்? இப்ப எறக்கினா கணக்கு தப்பிடாது?”