சம்பந்தி மரியாதை

சம்பந்தி பையை நீட்டியபோதே ஆடிட்டருக்கு அந்தப் புள்ளிகள் தெரிந்துவிட்டன.

தண்ணீர் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பை. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பவளக் கிளை, நல்ல ஊதா. அதன் உடம்பெங்கும் யாரோ நிறத்தை மட்டும் சுரண்டி எடுத்ததுபோல வெளிறிய சின்னச் சின்ன வட்டங்கள்.

கடித்த தடம்.

கடித்ததும் உள்ளேதான் இருக்கிறது. பவளத்தைத் தின்று பவளத்தின் நிறத்துக்கே மாறிவிடுகிற தட்டைப்புழு. எள்ளளவுகூட இராது, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தாலும் அகப்படாது. அடித்தண்டில் முட்டையும் இட்டு வைத்திருக்கும்.

"உங்க கையில ஒப்படைச்சிட்டா நிம்மதின்னுதான் நேரா இங்க வந்தேன்," என்றார் சம்பந்தி.

கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது ஆடிட்டரின் கடல்நீர்த் தொட்டி. வருஷக்கணக்கான உழைப்பு. மனிதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்துவிடலாம். பவளம் வர முடியாது. மருந்துத் தண்ணீரில் முக்கி, உலுக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, குளியலறையில் இருக்கும் தனித்தொட்டியில் மாதக்கணக்கில் காவலில் வைத்த பிறகுதான் கூடத்துக்கு அனுமதி.

மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் ஆசையாகக் கொடுத்த பவளத் துண்டையே, கொடுத்தவர் கண்ணெதிரில் மருந்தில் முக்கியவர் ஆடிட்டர். அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்குப் பெயர் சுங்க அதிகாரி. அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஆனால் சங்கத் தலைவர் வீட்டுக்கு அவர் பெண் கொடுத்திருக்கவில்லை.

மகளின் கல்யாண ஃபோட்டோவில் சம்பந்தி பாதிதான் விழுந்திருந்தார். ஒரு காது, ஒரு தோள், கொஞ்சம் சிரிப்பு. விழாமல் போன மீதிக்காக நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று தானாகவே வந்திருக்கிறார்.

காலையில் மகள் ஃபோனில் கெஞ்சாத குறை. "மாமா அங்க வர்றாருப்பா. எதுக்குன்னு சொல்லல. வழக்கம்போல எதையாவது செஞ்சு வெச்சிடாத. இங்க குடும்பம் நடத்துறது நான்."

இப்போது இதை மருந்தில் முக்கினால் என்ன அர்த்தம்? உங்கள் பொருளில் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். பொருள் என்றது வீடு என்றாகும். வீடு என்றது வம்சம் என்று போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகாது.

சமையலறை வாசலில் நின்ற மனைவி கண்ணாலேயே சொல்லிவிட்டாள்: குளியலறைப் பக்கம் கால் வைத்தால் தெரியும் சேதி.

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "உங்க தொட்டிக்குள்ள வைக்கிற லட்சணத்துலயா இது இருக்கு? ஏதோ ஒரு ஓரமா இருக்கட்டும்."

ஓரமா.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று ஆடிட்டருக்குப் புரிந்தது. ஃபோட்டோவிலிருந்து வருகிறது.

"என்ன சம்பந்தி இப்படிச் சொல்லிட்டீங்க! நடுநாயகமா வைக்கிறேன் பாருங்க."

பையை வெட்டினார். கிளையின் அடியில் பசையை அப்பினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியின் நட்டநடுப் பாறையில், தன் பவளங்களிலேயே விலை உயர்ந்த இரண்டுக்கும் நடுவில், அசையாதபடி அழுத்தி ஒட்டினார். பக்கத்துக் கிளைகள் அதைத் தொடாத குறையாக நின்றன. வளைந்து வந்த மீன் ஒன்று புதிய விருந்தாளியை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

புழுவும் முட்டையும் கண்ணுக்குள் நின்றன. முகம் மட்டும் சிரித்தது. மகளுக்காக ஒரு மனுஷன் இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று தன்மேலேயே அவருக்கு ஒரு மரியாதை வந்தது. மனைவியின் கண்களிலும் அது தெரிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இருக்கலாம்.

சம்பந்தி தொட்டியைப் பார்த்தார். ஆடிட்டரைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மருமக அடிக்கடி சொல்லுவா, அப்பா கை பட்டா எந்தப் பூச்சியும் நிக்காதுன்னு. நான்தான் நம்பல. கடைக்காரன் என்னடான்னா, மருந்துல முக்கணும், தனியா வைக்கணும், மத்ததோட சேத்தா எல்லாம் போயிடும்னு ஒரேயடியா பயமுறுத்திட்டான். நீங்க அலட்சியமா தூக்கி உள்ள வெச்சிட்டீங்க! வைத்தியம்னா இதுல்ல வைத்தியம்."

ஆடிட்டரின் கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சம்பந்தி காபியை ரசித்துக் குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார். வாசலில் செருப்பை மாட்டும்போது தோளில் உரிமையோடு தட்டினார்.

"பூச்சி போனதும் ஒரு ஃபோன் போடுங்க சம்பந்தி. இத எடுத்துட்டு, எங்க தொட்டியில மிச்சம் இருக்குற நாலையும் கொண்டாந்து விடறேன்."