தூதர் சொன்ன சேதி

குணாளனுக்கு நாலு பேர் முன்னால் பேச்சே வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வேடமேற்று ஆடும் பகடை ஆட்டத்தில் அவன்தான் ராஜதூதர் அமுதவாணர். தொண்டையில் குரலை மாற்றும் குரல்பட்டையை ஒட்டிக்கொண்டு பகடையை உருட்டினால் போதும். விழுந்த எண்ணுக்கு ஏற்ற வசீகரம் அவன் பேச்சில் ஏறிவிடும். எதிரி மன்னர்களாக ஆடும் நண்பர்களே மயங்கிப்போய்க் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவார்கள். மனைவி சாருமதியும் மகள் நறுமுகையும் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்பார்கள்.

இன்று மதியம் ஆஸ்பத்திரியில் சாருமதி இறந்துபோனாள். ஏழு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. பட்டையை ஒட்டிக்கொண்டு பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பகடையில் எண் கிடையாது.

தூதர் அந்தச் சேதியைச் சொன்னார். நறுமுகை கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். முடிந்ததும் முகம் மலரச் சிரித்தாள்.

"எவ்ளோ அழகா இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க."

குணாளன் பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"அம்மா... அம்மா இனி வரமாட்டாங்க சாமி," என்று தன் சொந்தக் குரலில் திக்கித் திணறிச் சொன்னான்.

அவள் சிரிப்பு நின்றது. அவன் பிடியிலிருந்து நழுவி, கீழே கிடந்த பட்டையை எடுத்து வந்து அவன் தொண்டையில் அழுத்தி ஒட்டினாள்.

"நீங்க சொல்லாதீங்கப்பா. நீங்க சொன்னா நெஜமாயிடுது."