ஆரோக்கியசெல்வி, நெரவி

“செல்வி, ஒன் பேரு வந்திருக்குடி!”

அல்லி போட்ட கத்தலில் பத்தாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. வயர்கூடையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் அவள் ஒளித்துக் கொண்டுவந்த வாரப் பத்திரிகை மேசைமேல் விரிந்து கிடந்தது.

வாசகர் கடிதங்கள். மூன்றாவது கடிதம். அதன் கீழே தடித்த எழுத்தில்: ஆரோக்கியசெல்வி, நெரவி.

செல்வி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

கதைப் பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கண்டால் சிஸ்டர் கிழித்துப் போடுவார். ஆனால் அந்தத் தொடர்கதை ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் அதற்குப் பயப்படவில்லை. வியாழக்கிழமை காலை மெட்ராஸிலிருந்து வரும் கட்டு பஸ் ஸ்டாண்டுக் கடையில் பிரிந்தால், மத்தியானத்துக்குள் ஒரு புத்தகம் வகுப்புக்கு வந்துவிடும்.

பதினேழு வயது மலர்விழியின் கதை. அவளுக்காக வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொன்னதும் அவள் தன் கவிதை நோட்டை அடுப்பில் போட்டாளே, அந்த வாரம் பெரியநாயகி சாப்பிடாமலே வீட்டுக்குப் போனாள். இன்னும் நான்கு வாரத்தில் கதை முடியப்போகிறது, அதுவும் கல்யாணத்தில் முடியப்போகிறது என்று கடைக்காரர் சொன்ன சேதியைத்தான் காலையிலிருந்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அதுகூட மறந்துபோயிற்று. மெட்ராஸ் பத்திரிகையில் செல்வியின் ஊரான நெரவியின் பெயர் அச்சாகி இவர்கள் பார்த்ததில்லை. ஆளாளுக்கு அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

“மூடி வைங்கடி. யாராச்சும் வந்துரப் போறாங்க,” என்றாள் செல்வி.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அவள் பூசையில் முழங்காலிட்டு ஒரே வேண்டுதலைத்தான் வைத்தாள். பத்திரிகைக்கு அவள் அனுப்பிய அந்தக் கார்டு தபாலில் தொலைந்துபோக வேண்டும். அச்சாகவே கூடாது. இப்படி ஒன்றை மாதாவிடம் கேட்கலாமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வாசலையே பார்த்தாள்.

சிஸ்டர் வரவில்லை. அமீர் நிஷாதான் வந்தாள்.

பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் நிஷாவின் வீடு. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். தொடர்கதையை வகுப்புக்கு உரக்கப் படித்துக் காட்டுவது எப்போதும் அவள்தான். மலர்விழி அழுதால் அவள் குரல் கரகரக்கும். அப்பா பேசினால் தடிக்கும். இரண்டு வாரமாகப் பத்திரிகை கைக்கு வந்ததும் அவள் முதலில் புரட்டியது கடிதப் பக்கத்தைத்தான்.

“நிஷா, படிடி. நம்ம செல்வி எழுதுனது!” அல்லி பத்திரிகையை அவள் கையில் திணித்தாள்.

நிஷா பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டாள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“மலர்விழி நோட்டை எரித்ததைப் படித்து எல்லாரும் அழுதிருப்பார்கள். நான் அழவில்லை.”

அங்கே கொஞ்சம் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே படித்தாள்.

“எனக்குக் கோபம்தான் வந்தது. நோட்டை எரித்தால் அதில் எழுதியது போய்விடும். எழுதின பெண் எங்கே போவாள்? அடுத்த வாரம் அவளுக்கு ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுங்கள்.”

பெரியநாயகி கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். பின்பெஞ்சில் ஒருத்தி விசிலடித்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

நிஷா கீழே இறங்கவில்லை. பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டாள். செல்வியின் முகத்தைப் பார்த்தபடி, படிக்கிற அதே குரலில், இன்னும் சொன்னாள்.

“இல்லையென்றால் அவள் விலாசத்தை எனக்கு அனுப்புங்கள். என் நோட்டில் பாதி எழுதாமல்தான் இருக்கிறது. கிழித்து அனுப்புகிறேன்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அல்லி பத்திரிகையை வாங்கி அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தேடினாள்.

“அது இதுல இல்லையேடி?”

“எடம் பத்தலன்னு வெட்டிட்டாங்க போல,” என்றாள் நிஷா. அவள் கண் செல்வியை விட்டு நகரவில்லை. “நீ அனுப்புனப்ப இருந்துச்சுல்ல, செல்வி?”

செல்வி தலையாட்டினாள்.

இருந்தது. மூன்று வாரத்துக்கு முன், பஸ்ஸுக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடச் சொல்லி நிஷா கொடுத்தனுப்பிய கார்டில், நிஷாவின் சாய்ந்த கையெழுத்தில், கடைசி வரியாக அது இருந்தது.

தன் கையெழுத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் செல்வி அன்று ராத்திரி இன்னொரு கார்டை எடுத்தாள். வரி விடாமல் எழுதினாள். அடியில் பெயர் எழுதும் இடம் வந்தபோது கை நிற்கவில்லை; தன் பெயரையே எழுதியது. மறுநாள் தபால்பெட்டியில் விழுந்தது அந்தக் கார்டுதான். நிஷாவின் கார்டு முத்திரை விழாமல், செல்வியின் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இன்னும் கிடந்தது.

மணி அடித்தது. பெண்கள் கலைந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

நிஷா பெஞ்சிலிருந்து இறங்கி, கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் செய்வதுபோல் சுவரோரம் நகர்ந்து செல்விக்கு இடம் விட்டாள்.

கையில் காய்ந்துபோன சோற்றோடு செல்வி நின்றுகொண்டே இருந்தாள்.