எதேச்சையாகப் பார்த்தேன்

"கவிதை நடத்தறேன்னுதானே சொல்லியிருந்தீங்க?" தாளாளர் முறைத்தார்.

"மாத்திட்டேன் சார். இப்பதான், வாசல்ல வரும்போது."

ஆங்கில ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்க வந்தவள் பேசுகிற பேச்சா இது? கடைசி பெஞ்சில் இருந்த தலைமையாசிரியை உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க சிபாரிசெல்லாம் எடுபடாதும்மா," என்றார் தாளாளர், யாரும் கேட்காமலே. "திறமைக்குத்தான் வேலை. தயார் பண்ணாம வந்தா பருப்பு வேகாது."

பழைய பள்ளியை இழுத்து மூடியதிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வேலையை மலைபோல் நம்பி வந்திருந்தாள். கொஞ்சம் பயந்து பேசியிருக்கலாம்.

அவளோ நிதானமாகப் பலகையில் 'ரன் இன்ட்டு' என்று எழுதினாள்.

"ரன்னா ஓடறது. ஆனா இங்க யாரும் ஓட வேண்டாம். எதிர்பாராம ஒருத்தரைப் பார்த்தா இப்படிச் சொல்லுவோம்."

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "மிஸ், நேத்து கடைத்தெருவுல கணக்கு சாரைப் பார்த்தேன். அதுவா?"

"அதேதான்."

"ஆனா மிஸ், நான் நிஜமாவே ஓடிட்டேன்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்துவிட்டு, தாளாளர் முகத்தைப் பார்த்ததும் இருமிச் சமாளித்தார்.

"வாட்ச்மேன் அண்ணாவை தினமும் பார்க்கறோமே மிஸ்?"

"அதுக்குச் சொல்லக் கூடாதும்மா. அவர் அங்கதான் நிப்பார்னு தெரியுமே. முன்னாடியே முடிவான விஷயத்துக்கு இது ஒத்துவராது."

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "இதைத்தான் எல்லா ட்யூஷன்லயும் சொல்றாங்களே! உங்க சொந்த அனுபவத்துல ஒரு உதாரணம் சொல்லுங்க, பார்ப்போம்."

இதற்காகவே காத்திருந்தவள் போல அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு உங்க ஆபீஸ் வாசல்ல, காலேஜ்ல என்கூடப் படிச்சவளை எதேச்சையா பார்த்தேன் சார். டெய்லர்கிட்ட அளவு கொடுத்துக்கிட்டிருந்தா."

"எதுக்கு மிஸ் அளவு?" என்றாள் அதே சிறுமி.

"டீச்சர் கோட்டுக்கு. திங்கட்கிழமையிலேருந்து உங்களுக்கு அவதான் இங்கிலீஷ் மிஸ்."

தலைமையாசிரியை அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு தாளாளரை நேராகப் பார்த்தாள்.

"நான் வந்த காரணத்தைச் சொன்னதும் பாவம், அவளுக்கே தூக்கிவாரிப் போட்டுது சார். 'இன்னிக்கு இன்டர்வியூவா? சித்தப்பா என்கிட்ட சொல்லவே இல்லையே!'ன்னா."