ரிஸ்க் எடு

“ரிஸ்க் எடுங்கடா. தொண்டை வத்துற வரைக்கும் கத்துறேன், ஒருத்தன் காதுலயும் ஏறலை.”

திடல் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார் குஞ்சிதபாதம். நன்னிலத்தில் வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்த வருஷம் அது. உள்ளூர்ப் பையன்களுக்கு டிரில் மாஸ்டராக இருந்தவர், பெங்களூரில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் ‘கோச்’சாகத் திரும்பியிருந்தார். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடியும் இரண்டு வார்த்தைகளும் வந்திருந்தன. ஒன்று கிரியேட்டிவிட்டி. இன்னொன்று ரிஸ்க்.

போவதற்கு முன்னால், “பந்தை வச்சிக்கிட்டு வித்தை காட்டாதே, பாஸ் பண்ணு” என்று பிரம்பை ஓங்கியவரும் அவர்தான். இப்போது வித்தை காட்டாதவனுக்குத் திடலைச் சுற்றி ஓட்டம்.

“நீ அடுத்து என்ன செய்யப்போறேன்னு எதிராளிக்குத் தெரியக்கூடாது. அதுதான் கிரியேட்டிவிட்டி.”

“எங்களுக்கே தெரியலை சார்,” என்றான் இளம்பரிதி.

“சபாஷ். அதுதான் உச்சம்.”

ஹஸ்ஸான்தான் அவருக்குப் பிடிபடவே இல்லை. ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ‘ரிஸ்க் எடு’ என்று சத்தம் கேட்டால் போதும், அப்படியே நின்று தரையைப் பார்ப்பான்.

“ஏன்டா நிக்கிற? ரிஸ்க் எடுடா.”

“எங்க சார் இருக்கு?”

குஞ்சிதபாதத்துக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. “எல்லா இடத்துலயும் இருக்கு தம்பி. கண்ணைத் திறந்து வச்சிருந்தா தெரியும். கண்டதும் எடுத்துடணும். யோசிக்கவே கூடாது.”

“சரி சார்,” என்றான் ஹஸ்ஸான் பயபக்தியோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாயவரத்துப் பையன்களோடு மேட்ச். பிளாஸ்டிக் நாற்காலியில் மீரா சாகிப் உட்கார்ந்திருந்தார். துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் பையன்களுக்குச் சட்டையும் பந்தும் கொண்டுவருகிறவர். சட்டை முதுகில் அரபியில் ஏதோ எழுதியிருந்தது. பெரிய கிளப்பின் பெயர் என்று குஞ்சிதபாதம் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சிமெண்ட் கம்பெனி விளம்பரம் என்பது மீரா சாகிப்புக்கு மட்டும் தெரியும்.

“சார், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். ஒவ்வொரு லீவுலயும் வந்து உக்கார்றேன். நம்ம பசங்க ஒரு கோல் போட்டு நான் பார்த்ததில்லை. ஊர்ல எல்லாரும் கிரிக்கெட் கேக்குறாங்க. இன்னிக்கும் கோல் விழலைன்னா, இந்தத் திடல்ல பிட்ச் போட்டுட வேண்டியதுதான்.”

பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று. “கிரிக்கெட்னா வெயில்ல சும்மா நிக்கணும்டா,” என்று முனகினான் இளம்பரிதி.

குஞ்சிதபாதம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கோல் என்ன பாய் கோல். பசங்களுக்கு ரிஸ்க் எடுக்கக் கத்துக்கொடுத்திருக்கேன். மனுஷனுக்கு அதுதானே முக்கியம்?”

“அது வாஸ்தவம். அதுக்காகத்தானே நானே துபாய்ல போய்க் கிடக்கேன்,” என்றார் மீரா சாகிப் மனதார.

மேட்ச் முழுக்கக் கிரியேட்டிவிட்டி பொங்கியது. கோல்கீப்பர் பந்தை உருட்டிக்கொண்டு நடுத்திடல் வரை போனான்; காலியாக இருந்த கோலில் மாயவரம் ஒன்று போட்டது. இன்னொருவன் குதிகாலால் உதைத்ததில் பந்து வாய்க்காலில் விழுந்து, பக்கத்து வயல் மதகு வரை போய்த் திரும்பியது. இடைவேளைக்குப் பிறகு மாயவரம் இன்னொன்றும் போட்டது.

“அவங்க மனப்பாடம் பண்ணி ஆடுறாங்க பாய். நம்ம பசங்க சுயமா தோக்குறாங்க,” என்றார் குஞ்சிதபாதம்.

மீரா சாகிப் பிட்ச் எங்கே போடலாம் என்று திடலைக் கண்ணால் அளக்க ஆரம்பித்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து ஹஸ்ஸானிடம் வந்தது. ஓடினான். ஒருவனைத் தாண்டினான். கோலுக்கு எதிரே இரண்டு தடியன்கள் பாய்ந்து வந்தார்கள்.

“ஹஸ்ஸான், ரிஸ்க் எடு. ரிஸ்க் எடுடா.”

ஹஸ்ஸான் சட்டென்று நின்றான். பந்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, இரண்டாக மடிந்து தரையில் கை வைத்தான். பாய்ந்து வந்தவர்களில் ஒருவன் அவன் முதுகைத் தாண்டிப் போய் விழுந்தான். இன்னொருவன் தன் கோல்கீப்பர் மேலேயே மோதினான். பந்து பாட்டுக்கு உருண்டு இளம்பரிதியின் காலடிக்குப் போனது. அவன் சும்மா தள்ளிவிட்டான். கோல்.

பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். மீரா சாகிப் செருப்பைக் கூடப் போடாமல் திடலுக்குள் ஓடினார். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“கிரிக்கெட்டாவது ஒண்ணாவது. அடுத்த லீவுக்கு கோலுக்கு வலை கொண்டாறேன் சார்.”

“பார்த்தீங்கல்ல பாய்? உடம்பைத் தாழ்த்தி, பார்வையைத் தரையில வச்சு, பந்தை மறந்த மாதிரி நடிக்கிறது. பெங்களூர்லயே அதைக் கடைசி நாள்தான் சொல்லிக்கொடுத்தாங்க.”

மீரா சாகிப் ஹஸ்ஸானை இழுத்து அணைத்துக்கொண்டார். “அந்த நேரத்துல குனியணும்னு உனக்கு எப்படித் தம்பி தோணுச்சு?”

“சார் கத்துனாங்க. பார்த்தேன், நிஜமாவே கிடந்துச்சு. எடுத்துட்டேன்.”

மூடியிருந்த கையை விரித்தான் ஹஸ்ஸான். மண் ஒட்டிய பாதி பன்.

“இன்டர்வல்ல யாரோ தின்னுட்டுப் போட்டிருக்காங்க. சோறோ ரொட்டியோ கீழே கிடந்தா எங்க அம்மாவும் இப்படித்தான் கத்தும். ‘அல்லா நமக்குப் படியளந்த ரிஸ்க்குடா, மிதிச்சுடாதே, எடு’ன்னு.”

மீரா சாகிப் பன்னை வாங்கி மண்ணை ஊதினார். பிறகு குஞ்சிதபாதத்தைப் பார்த்து ஆச்சரியமாகக் கேட்டார்:

“ஏன் சார், இத்தனை நாளா நீங்களும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?”