ஒத்த ஸ்டார்

"அந்தப் புத்தகத்தை இன்னைக்கே எடுத்துரு, ஜாய். ஊரே பேசுதாங்க."

கப்பலில் இருந்து என் வீட்டுக்காரர் ரெக்சன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஊர் வாட்ஸப் குரூப் சண்டை நடுக்கடல் வரைக்கும் போய்விட்டது.

"எடுக்க மாட்டேன். நீங்க கப்பலைப் பாருங்க" என்று பதில் போட்டேன்.

ஒன்றரை வருஷமாக அடுப்படியில் உட்கார்ந்து எழுதிய நாவல். சங்கு குளிக்கப் போகிறவனின் பெண்டாட்டி கதை. நானே அட்டை போட்டு, நானே ஆன்லைனில் ஏற்றினேன். எட்டு மாதத்தில் ஒன்பது இ-புக் விற்றது. சொந்தக்காரர்கள் ஆறு பேர் அஞ்சு ஸ்டார் போட்டார்கள். கம்பெனிக்காரன் எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, சொந்தபந்தம் பாராட்டினால் செல்லாது என்று அத்தனையையும் தூக்கிவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை பேர் போடாமல் ஒத்த ஸ்டார் ஒன்று விழுந்தது. அதை மட்டும் அவன் தொடவில்லை.

'சீலா மீன் கொழம்புக்கு உப்புப் போடத் தெரியாதவ நாவல் எழுதுதா. ஊர் ஆம்பளைங்க மானத்தைக் கப்பலேத்திட்டா. ஒருத்தரும் வாங்காதீங்க.'

அது ஊர் வாட்ஸப் குரூப்புக்கும் போய், பாதி ஊர் என்னைத் திட்ட, மீதி ஊர் திட்டினவர்களைத் திட்ட, அதற்கப்புறம் புத்தகம் விற்கிற பக்கத்தையே நான் திறக்கவில்லை.

இன்றைக்குத்தான் உறைத்தது. கல்யாணமான மூன்றாம் நாள் நான் உப்பில்லாமல் வைத்த குழம்பைச் சாப்பிட்டது இரண்டே பேர். என் வீட்டுக்காரர் ஒருத்தர். இன்னொருத்தர் அவருடைய அக்கா, ஞானபாக்கியம் மதினி.

நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். மதினி கூடை நிறைய சீலாவை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, அந்த ஒத்த ஸ்டார் நீங்கதானே?"

"ஆமா, நாந்தான்."

எனக்கு உச்சிவரைக்கும் ஏறியது.

"தம்பி பொண்டாட்டிய ஊர் சிரிக்க வைக்க எப்படி மனசு வந்துச்சு? இங்கன இருக்க மீனெல்லாம் நாறலுன்னு நானும் ஊர் முழுக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

"நாறல்தான். அத்தனையும் நாறல். எவ என்ன சொன்னாலும் எம் புத்தகத்த எடுக்க மாட்டேன். இன்னொண்ணும் எழுதுவேன்."

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் குனிந்து ஒரு சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"செக்கச்செவேல்னு இருக்கு. இதையா நாறலுங்கா? ஒரு கிலோ போடுங்க."

"எனக்கு ரெண்டு."

நான் கத்திக்கொண்டே இருந்தேன். மதினி நிறுத்துக்கொண்டே இருந்தார். கால்மணி நேரத்தில் கூடை காலி.

மதினி நிதானமாகக் கை கழுவினார்.

"காலையில இருந்து 'நல்ல மீனு, நல்ல மீனு'ன்னு கத்துதேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இப்ப ஒம் போனைத் திற. ஒங் கடையில என்ன ஆச்சுன்னு பாரு."

திறந்தேன். ஒரே வாரத்தில் நூற்றி எண்பத்தாறு புத்தகம் விற்றிருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.

"அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தி. அஞ்சு ஸ்டார் போட்டேன், தூக்கிட்டான். அதாம் இப்படிப் போட்டேன். ரெக்சன்ட்ட நான் பேசிக்கிடுதேன், நீ அடுத்ததை எழுது."

மதினி காலிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"கூட்டம் கூடினா செவுளைத் தூக்கிப் பாப்பாங்கல்லா? ஒம் மீனு நல்ல மீனு. அந்தத் தைரியத்துலதாம் நாறலுன்னு கத்துனேன்."