சுத்தமான பதிவு

பூம்புகார் மீனவர் தெருவில் மதிய வெயில் கொதிக்கிறது. வாசல் பந்தலில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அதனுள்ளே காயாரோகணம், படகு கவிழ்ந்து நேற்றுப் பிணமாகக் கரை ஒதுங்கியவர். தலைமாட்டில் அவர் மனைவி எல்லையம்மாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதலடி எடுத்துக்கொடுக்காமல் மற்றப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்க முடியாது. பந்தல் ஓரத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஜீவிதா நிற்கிறாள். தஞ்சாவூரில் இசை ஆசிரியை, கடலோர ஒப்பாரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். பெண்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் ஆகாது, அது சாவைக் கூப்பிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. போன வாரம் ஆய்வுப் பதிவுக்காக எல்லையம்மாள் கடற்கரை மணலில் பாடத்தான் சம்மதித்திருந்தாள். காற்று இரைகிறது என்று அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வைத்தது ஜீவிதாதான். பாட்டின் நடுவே, வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த காயாரோகணம், "நான் இருக்கயிலயே அழுவுறியா?" என்று உரக்கச் சிரித்தார்.

இப்போது எல்லையம்மாள் தலை நிமிர்கிறாள்.

"டீச்சர், அன்னிக்குப் பாடுனத போடுங்க. நடுவுல அவரு சிரிச்சாருல்ல, அத ஒரு தடவ கேட்டுக்கிறேன்."

ஜீவிதாவின் விரல் போன் திரைமேல் அப்படியே நிற்கிறது. பதிவைச் சுத்தம் செய்தபோது அவள் முதலில் அழித்தது அந்தச் சிரிப்பைத்தான்.